குதிரைக்கு லாடம் அடிக்க 2,500 கேக்குறாங்க, இது நியாயமான ரேட்தானுங்களா?

தோப்பு_பொள்ளாச்சி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஆடில அந்தியூர் சந்தைல ஒரு மார்வாரி பொட்டைக் குதிரை புடிச்சோம், ஆறு வயசுன்னு சொன்னாங்க, ரொம்ப சாது. வாங்குறப்பவே நாலு காலுக்கும் லாடம் இருந்துச்சு. கொள்ளு, தவிடு, புல்லுன்னு தீவனத்துக்கு ஆகுற செலவெல்லாம் முன்னாடியே விசாரிச்சுட்டுத்தான் வாங்குனோம், ஆனா இந்த லாடச் செலவப் பத்தி ஒருத்தரும் வாய தொறக்கலைங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வர்றாரு, நாலு காலுக்கு லாடம், ஆணி, குளம்பு சீவுறது, வண்டி பெட்ரோல் எல்லாம் சேத்தி 2,500 வாங்குறாரு. லாடம் வேண்டாம், சும்மா சீவி மட்டும் விடுங்கன்னா 800. ஆறு வாரத்துக்கு ஒருக்கா கண்டிப்பா பண்ணணும்ங்கறாரு, அப்படிப் பாத்தா வருசத்துக்கு எட்டு ஒம்பது தடவை, 20,000-க்கு மேல போயிருதுங்க.

எங்கூர்ல மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரு ஒருத்தர் இருக்காரு, 500 குடு தம்பி நானே அடிச்சுத் தர்றேன்ங்கறாரு, எங்க மாமனாரும் அவரையே கூப்பிடு எதுக்கு அவ்ளோ தூரத்துல இருந்து ஆள வரவைக்கறேன்னு தெனமும் சொல்லிட்டே இருக்காரு. குதிரை பெரும்பாலும் தோப்புக்குள்ளதான் சுத்தும், சாயங்காலம் பசங்க ஏறி ஒரு ரவுண்டு போவாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்ச தூரம் தார் ரோட்டுல கூட்டிட்டுப் போவேன். இதுக்கு லாடமே வேணுமா? ஆறு வாரம்ங்கறது நெசமா, இல்ல அவரு பொழப்புக்கு சொல்றதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொங்கு_லாயம்:
ரேட் நியாயம்தானுங்க, அவரு உங்கள ஏமாத்தல. நீங்க 2,500-அ லாடத்தோட வெலைன்னு நெனைக்கறீங்க, அங்கதான் கணக்கு இடிக்குது. நாலு இரும்பு லாடமும் ஆணியும் அதுல சின்னப் பங்குதான், மீதியெல்லாம் அவரு கோயமுத்தூர்ல இருந்து கெளம்பி வந்து, ஒரே ஒரு குதிரைய பாத்துட்டு, அரை நாள் பொழப்ப விட்டுட்டுத் திரும்பிப் போறதுக்கு. எங்க லாயத்துல ஒரே நாள்ல எல்லாக் குதிரையையும் வரிசையா பாக்குறதால தலைக்கு 1,200-க்கு முடிச்சுடறாரு, அதே தரம், அதே வேலை. உங்க பக்கம் ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலைன்னு குதிரை வெச்சிருக்கறவங்க இப்ப நெறைய பேரு இருக்காங்க, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறவங்களையும் சேத்தி ஒரு நாலஞ்சு பேரு ஒரே நாள் புடிங்க, தானா கொறையும்.

இன்னொன்னு, ஒவ்வொரு தடவையும் புது லாடம்தான் போடறாரா? தேய்மானம் கம்மியா இருந்தா பழைய லாடத்தையே கழட்டி, குளம்ப சீவி, அதே லாடத்த புது ஆணி போட்டுத் திருப்பி அடிக்கலாம். தோப்பு மண்ணுல நடக்கற குதிரைக்கு ஒரு லாடம் ரெண்டு தடவை தாராளமா வரும். நீங்களா கேட்டாத்தான் அவரு சொல்லுவாரு.

காளை_ஆனைமலை:
நான் சொல்றது சில பேருக்குப் புடிக்காது. எங்க பெரியப்பா வீட்டுல ரேக்ளாவுக்கு காளையும் உண்டு குதிரையும் உண்டு, ரெண்டுக்கும் ஒரே ஆளுதான் காலங்காலமா லாடம் அடிக்கறாரு, ஒண்ணும் ஆகல. இப்ப யூட்யூப் பாத்துட்டு எல்லாத்துக்கும் ஸ்பெஷலிஸ்ட் வேணும்ங்கறாங்க. 500-க்கு ஆகறத எதுக்கு 2,500 குடுக்கணும்?

கிண்டி_லாயக்காரன்:
காளை அண்ணே, உங்க பெரியப்பா வீட்டு ஆளுக்கு ரெண்டு வேலையும் தெரிஞ்சிருக்கும், அது அவரோட கைத்தெறம. அதுக்காக மாட்டு லாடம் அடிக்கிற எல்லாருக்கும் குதிரை தெரியும்னு சொல்ல முடியாது. மாட்டுக்குக் குளம்பு ரெண்டாப் பொளந்து இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி தகடு, சின்ன ஆணி, கயித்தப் போட்டு சாச்சு நாலு காலையும் கட்டிட்டு அடிப்பாங்க. குதிரை நின்ன நிலையில நிக்கும், கால மடிச்சுத் தன் தொடை மேல வாங்கிக்கினு அடிக்கணும், எடை எங்க விழுதுன்னு முன்னாடியே நடக்க விட்டுப் பாக்கணும்.

நான் ரேஸ் லாயத்துல ரொம்ப வருசம் வேலை பாத்தவன், அதனால ஒண்ணு சொல்றேன், உங்க ஊரு ஆளக் கூப்பிடறதுக்கு முன்னாடி இத மட்டும் பாருங்க. குதிரை லாட ஆணிய கையில எடுத்துப் பாத்தா முனையில ஒரு பக்கம் சரிவா சீவியிருக்கும், தலையில அதே பக்கம் ஒரு அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் குளம்போட உள்பக்கத்தப் பாத்து இருக்கணும், அப்பத்தான் அடிக்க அடிக்க முனை வெளிப்பக்கமா வளைஞ்சு குளம்புச் சுவத்துல எட்டிப் பாக்கும். திருப்பி வெச்சா நேரா உள்ள சதைக்குப் போயிடும். அவரு கையில ஒரு ஆணியக் குடுத்து எப்படி வெப்பீங்கன்னு கேளுங்க, யோசிச்சாருன்னா ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க. தெரிஞ்சவன் காதாலயே கண்டுபுடிப்பான், ஆணி கெட்டியான சுவத்துல போறப்போ டங்கு டங்குன்னு சத்தம் வரும், சத்தம் மொத்தையா மாறுனா உடனே நிறுத்திப் புடுங்கிடுவான். குளம்போட அகலமான எடத்தத் தாண்டி குதிகால் பக்கம் ஆணி அடிக்க மாட்டான், ஏன்னா குதிரை கால ஊணும்போது குதி விரியணும். லாடத்தக் குளம்புக்கு ஏத்த மாதிரி வளைப்பானே தவிர, லாடம் பத்தலன்னு குளம்ப ராவித் தள்ள மாட்டான். இதுக்குத்தான் சார் காசு.

அப்புறம் ரேஸ் குதிரைக்குப் போடற அலுமினிய லாடம் சீப்பா கெடைக்குதுன்னு யாராவது சொன்னா வாங்காதீங்க. வெயிட் கம்மியா இருக்கணும்னு போடறது அது, தார் ரோட்டுல சீக்கிரம் தேஞ்சுடும்.

மாட்டாஸ்பத்திரி_டாக்டர்:
மெயின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. ஆறு வாரம் நெசம்தான். குதிரைக் குளம்பு நம்ம நகம் மாதிரி வளந்துக்கிட்டே இருக்கும், மாசத்துக்கு கிட்டத்தட்ட 6-ல இருந்து 10 மில்லிமீட்டர். காட்டுல தினமும் மைல் கணக்கா நடக்கற குதிரைக்கு அது தானா தேஞ்சுடும், தோப்புல மெத்துன்னு மண்ணுல நிக்கறதுக்குத் தேயாது, லாடம் அடிச்சுட்டா சுத்தமா தேயாது. முன்பக்கம் நீண்டுட்டே போச்சுன்னா காலுக்குப் பின்னாடி இருக்கற தசைநாண் மேல இழுவை விழும், தடுக்கித் தடுக்கி நடக்கும். அதனால லாடத்த வேணா விடலாம், சீவுறத விட முடியாது. 800 மிச்சம் புடிக்கறேன்னு மூணு மாசம் தள்ளிப் போட்டுட்டு எங்கிட்ட நொண்டிக்கிட்டு வர்ற குதிரைங்கதான் அதிகம், அப்ப ஆகற செலவு வேற கணக்கு.

லாடம் வேணுமான்னு கேட்டா, நீங்க சொல்ற வேலைக்கு நாலு காலுக்கும் தேவைப்படாதுன்னுதான் நான் சொல்லுவேன். உடம்பு எடைல சுமார் 60 சதவீதம் முன்னங்கால்லதான் நிக்குது, அதனால முன்னாடி ரெண்டுக்கு மட்டும் லாடம் வெச்சுட்டு பின்னாடி வெறும் காலா விட்டுப் பாருங்க. முழுசா கழட்டுனா மொதல்ல சில வாரம் கல்லுல நடக்கக் கூசும், அந்த நேரத்துல ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஏற்கெனவே குளம்பு வெடிச்சிருந்தா, இல்ல தட்டைப் பாதமா இருந்தா, ஆளு நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்.

யாரு அடிச்சாலும் சரி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. குதிரைக்கு அது ரொம்ப சீக்கிரம் வரும், ஒரு ஆணி உள்ள ஏறுனாப் போதும். லாடம் அடிச்ச ரெண்டு மூணு நாள்ல நொண்டுச்சுன்னாலோ, ஒரு குளம்பு மட்டும் சூடா இருந்தாலோ, சரியாயிடும்னு காத்திருக்காம அந்த ஆணியப் புடுங்கச் சொல்லுங்க. மழைக்காலத்துல குளம்புக்கு அடியில நடுவுல முக்கோணமா இருக்கற மெத்துப் பகுதிய தெனமும் சுத்தம் பண்ணுங்க, கருப்பா கசிஞ்சு நாத்தம் அடிச்சா அழுகல் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். சாணியும் மூத்திரமும் கலந்த ஈரத் தரையில கட்டி வெச்சா எந்த லாடக்காரரும் காப்பாத்த முடியாது.

லெஸ்டர்_தமிழன்:
2,500-ன்னு படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. நான் இருக்கறது இங்கிலாந்துல, பொண்ணு குதிரை ஓட்டக் கத்துக்குறா, நாலு காலுக்கு லாடம் அடிக்க 90 பவுண்டு குடுக்கறோம், நம்ம காசுக்கு பத்தாயிரத்தத் தொடும். இங்க 1975-லயே சட்டம் போட்டுட்டாங்க, பதிவு பண்ண லாடக்காரர் மட்டும்தான் அடிக்கலாம், சொந்தக் குதிரையா இருந்தாலும் நாமளா அடிக்க முடியாது. அவங்க வருசக்கணக்கா ஒரு லாடக்காரர்கிட்ட அப்ரண்டிஸா இருந்து பரீட்சை எழுதி வர்றவங்க. வெறுமனே சீவி விடறதுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்ல, அது இதுல பாதிக்கும் கம்மியாதான் ஆகும், அதனால இங்கயும் நெறைய பேரு லாடத்தக் கழட்டிட்டு வெறும் காலுக்கு மாறிட்டாங்க. காசுக்காக மாறிட்டு இயற்கை வைத்தியம்னு பேசிட்டுத் திரியறவங்களும் உண்டு, அது வேற கதை.

காளை_ஆனைமலை:
இங்கிலாந்து கதை நமக்கு எதுக்குங்க. ஆனா அந்த ஆணி விசயம் சொன்னீங்களே, எங்காளுகிட்ட கேட்டுப் பாத்தேன், டக்குன்னு சரியா சொன்னாரு, ஒரு சிரிப்பு வேற. அதனால நான் சொன்னதுல மாத்தம் இல்ல, ஆளப் பாத்துக் கூப்பிடுங்க, ரேட்டப் பாத்து இல்ல. தோப்புக்காரரே, வேணும்னா எங்காள அனுப்பறேன், போக வர பஸ் காசும் 700-ம் குடுத்துடுங்க.

தோப்பு_பொள்ளாச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோயமுத்தூர்க்காரர்கிட்ட பேசிட்டேன், பின்னங்கால் ரெண்டும் கழட்டிட்டு முன்னாடி மட்டும் பழைய லாடத்தையே திருப்பி அடிச்சா 1,400 போதும்னுட்டாரு, அவரே தேஞ்ச லாடத்த எடுத்துப் பாத்துட்டு இன்னும் ஒரு சுத்து வரும்னாரு. கிணத்துக்கடவுல ரெண்டு பேரு சேந்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, அதனால அடுத்த தடவை இன்னும் கொறையும். காளை அண்ணன் சொன்ன ஆளையும் ஒருக்கா வரவெச்சுப் பாக்கறேன், நம்பர் தனியா அனுப்புங்ணா. மாமனாருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறல.

ஒரு சந்தேகம், அவரு அடுத்து வர்றதுக்கு நடுவுல குளம்போட ஓரம் செதிலு செதிலா பேந்து வந்தா நாமளே அரத்த வெச்சு ராவிக்கலாமா? ஒரு அரம் வாங்கி வெச்சுட்டா சீவுற செலவும் கொறையுமில்ல?

கொங்கு_லாயம்:
வெறும் காலா இருக்கற பின்னங்கால்ல ஓரத்துல துருத்திட்டு இருக்கறத மட்டும் லேசா உருட்டி விடலாம், அதுக்கு மேல வேண்டாமுங்க. அடிப்பாதத்தையும் நடு மெத்தையையும் கத்தி வெச்சுத் தொடவே தொடாதீங்க, குளம்போட சாய்வ மாத்தவும் நெனைக்காதீங்க. அதுனால ஆறு வாரம்ங்கறத எட்டு வாரமாக்கலாம், அவ்ளோதான், ஆள நிறுத்த முடியாது. லாடம் இருக்கற கால்ல மடக்கி விட்ட ஆணி முனை தூக்கிட்டு நின்னாலோ, லாடம் ஒரு பக்கமா நகந்திருந்தாலோ தேதி வரலைன்னாலும் கூப்பிட்டுருங்க. அரம் வாங்கறதுன்னா குதிரைக்குன்னு விக்கற அகலமான அரமா வாங்குங்க, தச்சு வேலை அரம் ஆகாது. ராவுறப்போ பசங்கள பின்னங்கால் பக்கம் நிக்க விடாதீங்க.