லோட்டஸ் ஃபீட்டை முதலில் எங்கே கேட்டீர்கள்? மக்லாக்லினின் மேடைப் பதிவுகளும் பழைய தட்டுகளும்

கல்லடி

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. எண்பதுகளில் மாமா றியாத்திலிருந்து அனுப்பின கசெற்றுகள் அதற்குள் கிடந்தன. பாதிக்கு மேல் இளையராஜா. ஒன்றின் மேல் மட்டும் பேனையால் ‘சக்தி’ என்று எழுதியிருந்தது. அம்மன் பாட்டு என்று நினைத்து அதை நான் தொட்டதே இல்லை. 1998இல், எனக்குப் பதினைந்து வயது, வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் அதை எடுத்துப் போட்டேன்.

வயலினும் ஒரு கிற்றாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. கீழே தபேலாவும் கடமும் மிருதங்கமும். ‘ஜோய்’ என்ற உருப்படி, பதினெட்டு நிமிடம். மூச்சு விட மறந்து இருந்தேன் என்றால் அது மிகையில்லை. அடுத்து வந்தது ஒரு சின்ன உருப்படி, ஐந்து நிமிடம்கூட இல்லை. ஊஞ்சல் மெல்ல ஆடுகிறது போல. ஓடினவர்கள் எல்லாம் வந்து திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. அதுதான் ‘லோட்டஸ் ஃபீட்’.

கிற்றார் வாசித்தது ஜோன் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயர் என்பது எனக்குத் தெரியவர ஏழு வருடம் சென்றது. 1975 யூலை 5ஆம் திகதி நியூயோர்க் லோங் ஐலண்டில் சவுதாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது. அடுத்த வருடம் தட்டாக வந்தது. ‘சக்தி’ குழுவின் முதல் தட்டே மேடையில் பிடித்ததுதான். எழுபதுகளின் ஸ்ரூடியோத் தட்டுகள் இரண்டும் (‘எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’, ‘நாச்சுரல் எலிமென்ட்ஸ்’) அதற்குப் பிறகு வந்தவை. மற்றக் கலைஞர்களின் தட்டைக் கேட்டுவிட்டு மேடையில் எப்படி என்று பார்ப்போம். இவரை நாம் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

என் கட்சி 1975 மேடைப் பதிவு. முதல் தட்டில் ஒரே உருப்படி ஒரு பக்கம் முழுவதும், இருபத்தொன்பது நிமிடம் போகும். 1977இன் ‘நாச்சுரல் எலிமென்ட்ஸில்’ ஒன்றுகூட எட்டு நிமிடத்தைத் தாண்டாது. சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசிக்கிறவருக்கு இன்னும் சொல்ல இருக்கும்போதே கதவைச் சாத்திய மாதிரி எனக்குப் படும். பிறகு, அந்தக் கிற்றாரின் துணைத் தந்திகள். கிப்சன் கம்பனியில் ஏப்ரகாம் வெக்டர் செய்து கொடுத்த கிற்றார் அது. ஒலித்துவாரத்துக்கு மேலால் சாய்வாக ஏழு தந்திகள் ஓடும். ஒரு சங்கதியை முடித்துவிட்டு அவர் அதை ஒருதரம் வழித்துவிட, தம்புரா மாதிரி பின்னால் ஊறி நிற்கும். பௌர்ணமிக்குத் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற முனையைக் காதில் வைத்தால் மட்டக்களப்பு வாவிக்குள் கேட்குமே ஒரு சத்தம், அதைப் பிடித்துக்கொள்ளக் காது எவ்வளவு அமைதியாக வேண்டுமோ அவ்வளவு அமைதி இதற்கும் வேண்டும்.

நீங்கள் எதை முதலில் கேட்டீர்கள்? மேடையா ஸ்ரூடியோவா, எதில் நிற்கிறீர்கள்?


காரைதீவு

நான் வீணைக்காரி. கல்லடியில் விபுலானந்தர் பேரில் இருக்கிற அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தேன். தம்பி சொன்ன துணைத் தந்தி எனக்கு இரண்டாம் பட்சம். அந்தக் கிற்றாரில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது விரல் அழுத்துகிற மெட்டுப் பலகை. மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையில் மரத்தைக் குழிவாகச் சுரண்டி எடுத்திருப்பார்கள். விரல் மரத்தில் முட்டாது, தந்தியை மட்டும் அழுத்தும், இழுக்கும். வீணையில் மெழுகின் மேல் மெட்டு உயர்ந்து நிற்பதும் இதற்காகத்தான். மரம் குறுக்கே நிற்காவிட்டால்தான் கமகம், சுரத்தை வளைத்து அசைக்கிறது, வரும். மக்லாக்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டொக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தவர். பிறகும் அவர் கிற்றாரை விடவில்லை, கிற்றாரை மாற்றினார். யாழ் நூல் எழுதிய விபுலானந்த சுவாமி பிறந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இசைக்காகக் கருவியைத் திரும்பவும் கண்டுபிடிக்கலாம் என்று நம்பின ஆள் சுவாமி.

அதனால் நான் ஸ்ரூடியோப் பக்கம். ‘எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’யில் ‘கிருதி’ என்று ஒன்று இருக்கிறது. மூன்று நிமிடம்தான். வயலினும் கிற்றாரும் ஒரே வரியை ஒன்றாக வாசிப்பார்கள். இரண்டு கமகமும் ஒரே அளவில் வளைவதை அதில் கேட்கலாம். மேடைப் பதிவில் வேகத்துக்குள் அது கரைந்துபோகும். ஹெட்போன் போட்டு மூன்று தரம் கேளுங்கள் தம்பி, பிறகு கதைப்போம்.

இன்னொன்று. அந்த வயலின்காரர் எல். சங்கர் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பன் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை படிப்பித்தவர். 1958 கலவரத்தோடுதான் அந்தக் குடும்பம் சென்னைக்குப் போனது. எட்டு வயதில் அந்தப் பிள்ளை எதை விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தால் ‘ஜோயில்’ அவர் வாசிக்கிற வேகம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.


கொக்கட்டிச்சோலை

அப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். எனக்கு இந்த ஜாஸ், ராகம் ஒன்றும் பிடிபடாது, தாளம் மட்டும் ஓரளவு தெரியும். நண்பன் ஒருவன் ‘லா டான்ஸ் டு பொனர்’ என்ற உருப்படியை போனில் அனுப்பினான். தொடக்கமே வாயால் சொல்கிற சொற்கட்டு, கொன்னக்கோல். நான் முற்றத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே இருந்து அப்பா எழும்பி வந்தார்.

“எந்த ஊர்க் களரி மனே இது?”

வெள்ளைக்காரன் ஒருவர் நடத்துகிற குழு என்றேன். நம்பவில்லை. மத்தளத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். எங்கள் தாளக்கட்டு வேறு, அது வேறு. வடமோடிக் கூத்தில் சொல்லை ஆடுகிறவனின் கால்தான் முடித்து வைக்கும், இதிலே கிற்றார் முடித்து வைக்கிறது. ஆறேழு தரம் திருப்பிப் போட்டதில் எங்கே விழுகிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் மட்டும் மத்தளத்தில் ஒரு அடி வைத்தார். சரியாக விழுந்தது. அன்றைக்கு அவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு 1976 மொன்ரோ விழாக் காணொளியைக் காட்டினேன். எல்லாரும் தரையில் சம்மணம் கொட்டி இருக்கிறார்கள். பாட்டை விட அப்பா கண்களைத்தான் பார்த்தார். “இவன் அவனைப் பாக்கான், அவன் இவனைப் பாக்கான். ஆரும் ஆளைப் பாக்கல்ல, கையப் பாக்கான்” என்றார். ஸ்ரூடியோவில் வாசித்ததும் அதே ஆட்கள்தான், தாளத்தில் பிழை இராது. ஆனால் இந்தப் பார்வை தட்டில் வராது. என் வாக்கு மேடைக்கு.


அக்கரைப்பற்று

கல்லடி நானாவோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1977க்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று திரும்பி வந்தார்களே, அதை என்ன செய்வது?

‘லோட்டஸ் ஃபீட்டை’ வைத்தே கேட்கிறேன். அந்த மெட்டு 1975இல் வயலினோடு. 1997இல் இங்கிலாந்தில் பிடித்ததில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அந்த இசைத்தட்டுத் தொகுதியில் ஒரு உருப்படி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும், பொறுமையானவர்களுக்கு அது கொடை. பிறகு 2000இல் வந்த ‘த பிலீவரில்’ யு. ஸ்ரீநிவாஸின் மண்டலின். அதுவும் மேடைப் பதிவுதான். மூன்றையும் வரிசையாகக் கேட்டால் மூன்று வயது தெரியும். வயலினோடு வருவது இளைஞன். புல்லாங்குழலோடு வருகிறபோது அந்த மெட்டு ஆற்றங்கரையில் தனியே இருக்கிறது. மண்டலினோடு வருகிறபோது, எப்படிச் சொல்ல, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறது.

மக்லாக்லின் இந்தக் காலத்தில் மின்கிற்றார்தான் வாசித்தார். துணைத் தந்தி இல்லை, குழிவான பலகை இல்லை என்று பழைய ஆக்களுக்குக் குறை. எனக்கும் முதலில் இருந்தது. ஆனால் ஸ்ரீநிவாஸின் மண்டலினும் மின்மண்டலின். இரண்டு பேரும் மெல்லிசாக வாசிக்கையில் எது யார் என்று தெரியாமல் போகிற இடங்கள் உண்டு. பழைய கிற்றாரை வைத்துக்கொண்டு இது நடந்திருக்காது. 2014இல் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் மௌத்தான செய்தி வந்த அன்று நான் ‘த பிலீவரை’ப் போடவில்லை. போட முடியவில்லை.

2023இல் லண்டனில் றாத்தா வீட்டில் நின்ற நேரம் சக்தியின் ஐம்பதாவது ஆண்டுச் சுற்று வந்தது. மச்சான் டிக்கட் எடுத்துத் தந்தார். மக்லாக்லினுக்கு 81 வயது. தபேலாவில் சாகிர் ஹுசைன், பாட்டுக்குச் சங்கர் மகாதேவன், பழைய சக்தியில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், வயலினில் கணேஷ் ராஜகோபாலன். நான் எத்தனையோ வருடமாக வீட்டில் கேட்ட சத்தம் முன்னால் ஆளாக இருந்து வாசிக்கிறது. வேகமான இடங்கள் எனக்கு இப்போது நினைவில்லை. சாகிர் ஒரு அடி அடித்துவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்புக்கு மக்லாக்லின் ஒரே ஒரு சுரத்தால் பதில் சொன்னார். அதுதான் நிற்கிறது. அடுத்த வருடம் டிசம்பர் 15இல் சாகிர் போய்விட்டார்.


பொத்துவில்

அறுகம்பையில் ஒரு விடுதியில் வேலை. அலை ஏறவருகிறவர்களில் கிற்றார் கொண்டுவராத ஆட்கள் குறைவு. ‘ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ’ எனக்கு அவர்களால்தான் தெரியும். 1980 டிசம்பரில் மக்லாக்லின், பாகோ டி லூசியா, அல் டி மியோலா மூவரும் கிற்றார் வாசித்தது.

அதில் முதல் உருப்படி ‘மெடிற்றரேனியன் சன்டான்ஸில்’ மக்லாக்லின் வாசித்த வேகத்தைப் பற்றி எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒரு ஸ்பானியக்காரர் பொறுமையாக விளக்கினார். அதில் வாசிப்பது மற்ற இருவரும்தான். ஒரு காதில் பாகோ, மறு காதில் டி மியோலா. அவர்கள் இருவரும் 1977இல் வந்த டி மியோலாவின் தட்டுக்காக அதை ஸ்ரூடியோவில் வாசித்தும் இருக்கிறார்கள். இரண்டையும் கேட்டேன். ஸ்ரூடியோவில் அழகு, மேடையில் சனத்தின் கூச்சல் அவர்களைத் தள்ளுகிறது. மக்லாக்லினை அந்தத் தட்டில் கேட்க வேண்டும் என்றால் பாகோவோடு அவர் வாசிக்கிற ‘ஃப்ரேவோ ரஸ்காடோ’வுக்குப் போங்கள்.


மட்டக்களப்பு நகர்

எனக்கு அறுபத்தெட்டு. எங்கள் தெருவில் பறங்கியர் குடும்பங்கள் இருந்தன. கலியாணம் என்றால் வயலின், கிற்றார், மண்டலின் எல்லாம் வெளியில் வரும், கப்ரிஞ்ஞா ஆடுவார்கள். கிற்றார் என்றால் ஆட வைக்கிற கருவி என்றுதான் வளர்ந்தேன். அதனால் சக்தியை விட எனக்கு, அதற்கு முதல் மக்லாக்லின் நடத்தின மகாவிஷ்ணு ஒர்கெஸ்ட்ரா நெருக்கம். மின்சாரம், இரைச்சல், பில்லி கோபமின் ட்ரம்ஸ்.

உங்கள் கேள்விக்கு அங்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது பிள்ளைகளே. 1973 ஆகஸ்டில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்தது ‘பிட்வீன் நத்திங்னஸ் அண்ட் எட்டர்னிட்டி’ என்று தட்டாக வந்தது. அதிலுள்ள மூன்று உருப்படிகளையும் அதற்கு இரண்டு மாதம் முதலே லண்டனில் ஸ்ரூடியோவில் பதிந்திருந்தார்கள். குழுவுக்குள் மனத்தாங்கல், அந்தப் பதிவு வெளியே வரவில்லை. 1999இல்தான் வந்தது. இருபத்தாறு வருடம் மேடைப் பதிவை மட்டும் கேட்ட காதுக்குப் பிறகு மூலம் கிடைக்கிறது. ‘ட்ரீம்’ மேடையில் இருபத்தொரு நிமிடம், ஸ்ரூடியோவில் பதினொன்று. அந்தப் பதினொரு நிமிடத்தைக் கேட்டபோதுதான் மேடையில் எந்த இடத்தில் வழி தேடினார்கள், எந்த இடத்தில் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு விளங்கியது. ஒன்றை வைத்து மற்றதை எறிய வேண்டாம்.


கல்லடி

காரைதீவு அக்கா, ‘கிருதி’யை மூன்று தரம் இல்லை, இரண்டு நாளாகக் கேட்கிறேன். நீங்கள் சொன்னது சரி. கடைசி வரியில் இரண்டு பேரும் ஒன்றாக வளைகிற இடத்தை நான் இத்தனை வருடமும் தவறவிட்டிருக்கிறேன். அக்கரைப்பற்றுத் தம்பி, மூன்று லோட்டஸ் ஃபீட்டையும் வரிசையாகப் போட்டேன். மண்டலினில் கண் கலங்கினது உண்மை.

ஆனாலும் நான் 1975இல்தான் நிற்கிறேன். முதல் பதிவில் அதற்கான காரணத்தை முழுக்கச் சொல்லவில்லை.

மாமாவின் கசெற் அறுபது நிமிடம். ஒரு பக்கம் ‘ஜோய்’, ‘லோட்டஸ் ஃபீட்’ இரண்டும் போக ஏழு நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. வெறுமையாக விட மனமில்லாமல் அதில் மாமா அம்மம்மாவுக்குக் கதைத்து அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்து வீட்டுக்குக் கசெற்றில்தானே கடிதம். லோட்டஸ் ஃபீட் முடியும், கைதட்டல் வரும், ஒரு ‘டக்’ சத்தம், பிறகு “அம்மா, நான் சுகமா இருக்கன்” என்று மாமாவின் இளவயதுக் குரல். நான் அதைக் கேட்ட அந்த வைகாசிக்கு இரண்டு வருடம் முதலே அம்மம்மா இறந்துவிட்டா.

2004 டிசம்பரில் கடல் வந்தபோது வீட்டோடு அந்த ரின்னும் போனது. அடுத்த வருடம் கொழும்பில் ஒரு கடையில் சீடியின் அட்டையைப் பார்த்துத்தான் மக்லாக்லின் என்ற பெயரையே அறிந்தேன். சீடியில் லோட்டஸ் ஃபீட் முடிந்தவுடன் அடுத்த உருப்படி தொடங்கிவிடும்.

போன கிழமை மாமாவிடம் போய்க் கேட்டேன், அந்த ஏழு நிமிடமும் என்னதான் கதைத்தீர்கள் என்று. வெகுநேரம் யோசித்தார். சுகம் விசாரித்தது, காசு அனுப்பினது எல்லாம் வழமையானது, அது நினைவில்லை என்றார். மாரிக்கு முதல் கூரைக்குக் கிடுகு மாற்றியாயிற்றா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.