வம்பர் மகாசபையில் நாங்களும் இருந்தோம்

மயூர் விஹார் வாசகி:

கிழக்கு தில்லியில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று யாராவது ஒருவர் வீட்டில் கூடும். 11 பேர், பெரும்பாலோர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. சென்ற ஜனவரியில், பகல் 11 மணியாகியும் மூடுபனி விலகாத ஒரு நாளில், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் பேசினோம். வீடு திரும்பி அந்தக் குறிப்பைச் சரிசெய்தபோது கண்ணில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை பலருக்கும் நினைவிருக்கும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி அவன் இச்சைக்கு ஆளாகித் திரும்பும் மாணவியின் தலையில் அவளுடைய தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, நடந்ததைத் தனக்குள் புதைத்துக்கொள்கிறாள். (முதலில் ‘கெடுக்கப்பட்டு’ என்றுதான் எழுதினேன், அந்தச் சொல்லே ஒரு தீர்ப்பாக இருப்பதைக் கண்டு அடித்துவிட்டேன்.) தாயின் அந்தப் பெருமனத்தை ஏற்க முடியாமல் வாசகர் பலர் கொதித்தார்கள். அதே தாய் கூச்சலிட்டு அழுது அக்கம்பக்கத்தைக் கூட்டியிருந்தால் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்பதுதான் 1970-இல் வந்த நாவல். அந்தப் பெண் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். அவளைப் படிக்கவைக்கும் வெங்கு மாமா, உன்னை இனி எவனும் மணக்கமாட்டான் என்று ஓதிக்கொண்டே தாமும் அவள் மேல் இச்சையோடு கை வைக்கப் பார்க்கிறார்.

எங்கள் கூட்டம் ஏறத்தாழ 2 மணி நேரம் நடந்தது. அதில் 40 நிமிடம், கங்கா ஏன் அந்தக் காரில் ஏறினாள் என்பதிலேயே கழிந்தது. ஏன் கத்தவில்லை, பிற்பாடு அவனையே தேடிப் போனது எந்த ஊர் நியாயம் என்றெல்லாம் கேள்விகள் வரிசையாக இருந்தன. காரில் வந்த பிரபு ஏன் அதை நிறுத்தினான் என்ற கேள்வி என் குறிப்பில் எங்குமே இல்லை. வெங்கு மாமாவை ‘அந்தக் காலத்து மனிதர்’ என்ற மூன்று சொற்களில் கடந்துவிட்டோம். முடிவில் கங்கா குடிக்கத் தொடங்குவது எல்லோருக்கும் வருத்தமாக இருந்தது. அவளுக்கு வெகு முன்பிருந்தே குடித்துவரும் பிரபுவின் கோப்பை ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏன் கத்தவில்லை என்று கேட்டவர் யாரென்று தேடிப் பார்த்தேன். என் பெயர்தான் எழுதியிருந்தது.

நாவலில் வரும் பெண்ணை உங்கள் வீட்டாரோ நண்பர்களோ நீங்களோ கூண்டில் ஏற்றிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

ஜனக்புரி முதியவர்:

அறுபதுகளின் பிற்பகுதியில் நாங்கள் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குப் பத்து வயதிருக்கும். தமிழ்ப் புத்தகம் ஒன்று ஊரிலிருந்து வந்தால் எங்கள் வரிசையில் உள்ள வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் உரியவரிடம் திரும்பும். அப்படி வந்த தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (கணவர் இருக்க வேறொருவரோடும் உறவு கொண்ட ஒரு தாயின் கதை) எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அப்பா அதைக் கண்டுபிடித்து, இரண்டு இரவுகளில் முழுவதும் படித்து முடித்துவிட்டு, இப்படியும் ஒரு தாய் உண்டா, இதை எழுதியவனுக்குக் கூச்சம் இல்லையா என்று கூடத்தில் நின்றுகொண்டு முழங்கியது நினைவிருக்கிறது. தி. ஜானகிராமன் தில்லி வானொலி நிலையத்தில் பணியாற்ற வந்தது அதன் பிறகு என்று நினைக்கும்போது, அப்பா அவரைத் தெருவில் எங்காவது சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அந்த வாரமே என் சிற்றப்பா ஊரிலிருந்து வந்தார். அவருக்கு இரண்டு குடித்தனம் என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது. கரோல்பாகிலிருந்து புதிதாக அரைத்த காப்பிப் பொடியும், அப்பாவின் கட்டிலும், மடித்த புதுவேட்டியும் அவருக்குத்தான். அடுக்களையில் டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, டவராவை எடுக்க வந்த அப்பாவிடம் தாழ்ந்த குரலில், “அந்த அம்மா காசிக்குப் போயிட்டா. இவர் எங்கே போவாராம்?” என்று கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் டவராவை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கேள்வி எனக்குப் புரிய இருபது ஆண்டுகள் பிடித்தன.

பிறகு நாவலை நானே படித்தேன். அந்தத் தாயான அலங்காரத்தம்மாளை நாவலாசிரியர் எந்த இடத்திலும் தண்டிக்கவில்லை. கணவர் தண்டபாணியும் தெரிந்தே பொறுத்துப்போகிறார். ஆனாலும், தன் பாவம் கழியவேண்டும் என்று பிள்ளையை வேதபாடசாலைக்கு அனுப்புவதும், கடைசியில் காசிக்குக் கிளம்புவதும் அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்டவை. சமூகம் அவள் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. அது முன்பே அவளுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. இதை எழுதத் தெரிந்தவரைத்தான் அப்பா கூச்சமில்லாதவர் என்றார்.

முனிர்க்கா ஆசிரியை:

தில்லியிலேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். ராஜம் அய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ (1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்து, 1896-இல் நூலானது) நாவலில், ஊர்ப் பெண்கள் கூடி வம்பு பேசும் ‘வம்பர் மகாசபை’யை வாசித்துக் காட்டியபோது, “மேடம், இது எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழு” என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. இன்னொருத்தி மட்டும் சிரிக்காமல், வம்பு பேசுகிறவர்களெல்லாம் பெண்களாகவே இருக்கிறார்களே, அந்த அவதூறை நம்பிக் கமலாம்பாளைவிட்டுப் போகிறவர் அவள் கணவர்தானே, அவரை ஏன் நையாண்டி செய்யவில்லை என்று கேட்டாள். பல ஆண்டுகளாக நடத்தும் பாடம் அது. நான் அவ்வாறு கேட்டதில்லை.

அதே வாரத்தில் ஒப்பீட்டுக்காக ஜைனேந்திர குமாரின் இந்தி நாவலான ‘தியாகபத்திர’வைச் சொன்னேன். 1937-இல் வந்தது. கணவனால் விரட்டப்பட்டு, ஊரால் ஒதுக்கப்பட்டு, வறுமையில் இறந்துபோகும் மிருணாள் என்ற அத்தையின் கதையை, நீதிபதியாக இருக்கும் அவள் அண்ணன் மகன் சொல்கிறான். இறப்புச் செய்தி வந்தபின் அவன் பதவியைத் துறக்கிறான். தலைப்பின் பொருளே பதவி விலகல் கடிதம்தான். தீர்ப்புச் சொல்லும் தொழிலில் இருப்பவனே தன்னைக் குற்றவாளியாகக் காண்பதை நான் உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் கேட்டான்: “அவர் வேலையை விட்டதால் அத்தைக்கு என்ன கிடைத்தது, மேடம்?” மணியடித்துவிட்டது. அடித்திராவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன்.

ரோகிணி வாசகர்:

மேலே எழுதியவர்களோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. பாத்திரம் உயிரோடு இருப்பதால்தான் வாசகன் அதனோடு சண்டை பிடிக்கிறான். யாரும் பேசாத பாத்திரம் செத்த பாத்திரம். அந்தச் சண்டை எங்கே போய் நிற்கிறது என்பதுதான் என் கவலை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. பிள்ளை இல்லை என்பதற்காகப் பொன்னா விசேஷ வீடுகளில் படும் அவமானத்தைப் படித்துவிட்டு என் மனைவி, தன் அக்காவுக்குத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினாள். 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பியபோது, தங்கள் ஊர்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார்கள் என்ற கூச்சலில் பொன்னாவின் அந்த அவமானத்தைப் பற்றிய பேச்சே காணாமல் போயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிள்ளையில்லாத என் மைத்துனியை இன்றைக்கும் வளைகாப்புக்கு அழைப்பதில்லை.

மயூர் விஹார் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஜனக்புரி ஐயாவின் தாயார் கேட்ட கேள்வியைப் பிப்ரவரிக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கங்காவைப் பற்றிக் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் பிரபுவைப் பற்றியும் கேட்டுப் பார்ப்போம் என்று சொன்னேன். ஒருவர், இது வாசிப்பு வட்டமா, விசாரணைக் கமிஷனா என்று எழுந்தார். பஜ்ஜி வந்ததும் உட்கார்ந்தார். ஏன் காரை நிறுத்தினான் என்று தொடங்கினோம். பணக்கார வீட்டுப் பிள்ளை, கண்டிப்பார் இல்லை, பிற்பாடு மனம் திருந்தினான் அல்லவா என்று பேச்சு போயிற்று. பிறகு யாரோ, எல்லாம் சரி, ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு மழையில் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: பிரபு, 9 நிமிடம்.