இருக்கிற ஊரையே சுற்றிப் பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

ஜன்னலோரம் (கேள்வி):
பதினோரு வருடமாக ஒரு பெருநகரத்தில் இருக்கிறேன். போன வாரம் சித்தி மகள் வந்து நாலு நாள் தங்கினாள். நான் தினமும் ரயில் மாறுகிற நிலையத்தின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, அந்த மணிக்கூண்டில் ஒரு பக்கம் மட்டும் ஏன் முள் இல்லை?" என்று கேட்டாள். அங்கே மணிக்கூண்டு இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து மனசு அடங்கவில்லை, இந்த ஊரை ஒழுங்காகப் பார்த்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும். 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' மாதிரி பட்டியல் வேண்டாம். நீங்கள் இருக்கிற ஊரையே சுற்றுகிறவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

நீரோட்டம்:
இடத்தைத் தேடாதீர்கள், ஏதாவது ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். என் தேர்வு எப்போதும் தண்ணீர்தான். பழைய நகரங்கள் பலவும் ஆற்றை ஒட்டி வளர்ந்து, அப்புறம் அதன் கிளைகளை மூடி மேலேயே சாலை போட்டுவிட்டன. லண்டனில் வேலை பார்த்த காலத்தில் ஃப்ளீட் என்ற ஆற்றின் தடத்தில் நடந்திருக்கிறேன். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பக்கம் தொடங்கி ஊருக்கு அடியிலேயே ஓடி பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் தேம்ஸில் கலக்கிறது, மேலே பார்த்தால் வெறும் சாலையும் பஸ்ஸும்தான். ஆனால் ஃபாரிங்டன் சாலையில் நடக்கும்போது பக்கத்துத் தெருக்கள் சரிந்து இறங்கி வருவதைக் கவனித்தால் போதும், நிற்பது ஒரு பள்ளத்தாக்கு என்று கால் சொல்லிவிடும். 1869இல் திறந்த ஹோல்போர்ன் வயடக்ட் மேம்பாலமே அந்தப் பள்ளத்தைக் கடக்கக் கட்டியதுதான்.

கிளெர்க்கன்வெல்லில் ரே தெரு என்று ஒன்று, அங்கே சாலையில் ஒரு இரும்புக் கம்பி மூடி இருக்கும். ஞாயிறு காலை, வண்டி ஏதும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்து காதைக் கொடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் ஆழத்தில் சளசளவென்று தண்ணீர் ஓடுகிற சத்தம். எத்தனையோ தடவை மிதித்துப் போன சாலை அது! உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்கள் ஊரிலும் பெயரில் மட்டும் ஓடையோ பாலமோ மிச்சம் இருக்கிற தெரு ஒன்றாவது இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

வட்டப்பாதை:
நீரோட்டம் சொல்வது அருமையான வழி, ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு நடக்க முடியாது. நான் ரயிலைப் பிடிப்பேன். டோக்கியோவின் யமனோத்தே பாதை 34.5 கிலோமீட்டர், 30 நிலையம், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாரம் ஒரு நிலையத்தில் இறங்கி, அதைச் சுற்றி மட்டும் பார்த்தால் அரை வருடத்துக்கு மேல் ஓடும். முக்கியமான விஷயம், வேலைக்குப் போகிற வாசல் வழியாக வெளியே வராதீர்கள், எதிர் வாசலில் வாருங்கள்.

நியூயார்க்கில் 6ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், அது திரும்புகிற வளைவில் 1945இல் மூடிய சிட்டி ஹால் நிலையம் கண்ணில் படும். ஓடு பதித்த வளைவுகள் இருட்டில் மெதுவாக நகர்ந்து போகும், ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். என் மகள் மூச்சே விடவில்லை.

திறந்தகதவு:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மற்ற நாளில் உள்ளே விடாத கட்டடங்களைத் திறந்துவிடும் நாட்கள் உங்கள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள். லண்டனில் 1992 முதல் ஓப்பன் ஹவுஸ் நடக்கிறது. பிரான்ஸில் செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் அதிபரின் எலிசே மாளிகைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த நிலையத்துக்கே போய் எதிர் வாசலில் வெளியே வந்தேன். முள் இல்லாத முகம் அந்தப் பக்கம்தான். முள் கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தேன், பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் நடுவில் துளையே போடவில்லை, எண்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. காவலுக்கு இருந்த பெரியவரைக் கேட்டேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வெறும் கிடங்குகள்தானாம், மணி பார்க்க ஆளே இல்லை என்று விட்டுவிட்டார்களாம். பேசிவிட்டுத் திரும்பினால் எதிரே தெருப்பலகை: ஓடைக்கரைத் தெரு. சரியான சரிவு வேறு. நீரோட்டம், மேட்டிலிருந்து இறங்கி வருவதா, கீழிருந்து ஏறிப் போவதா? அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கே கிளம்புகிறேன்.