நியூட்ரல் பாயன்சி: அந்தரமா, சமமிதப்பா, நிலைமிதப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

மாலத்தீவின் தெற்கு ஆரி அட்டோலில் திமிங்கலச் சுறா பார்க்க ஸ்கூபாவோடு இறங்குவோருக்கான தமிழ்க் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது: நியூட்ரல் பாயன்சி. ஏறாமல், இறங்காமல், நீருக்குள் இருந்த ஆழத்திலேயே நிற்பது. 'நடுநிலை மிதப்பு' என்று போட்டால் பாதி ஆழத்தில் மிதப்பதாகப் படிக்கிறார்கள். என் பரிந்துரை 'அந்தரம்'. 'அந்தரத்தில் நில்லுங்கள்' என்றால் விளக்கமே தேவையில்லை.

சொல் துல்லியமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மாமிகிலி, திகுரா தீவுகளை ஒட்டிய வெளிப்பாறை விளிம்பில் சுறா பெரும்பாலும் மேல்நீரில்தான் வரும். 12 மீட்டரில் இருப்பவர் தலைக்கு மேல் அந்த வெள்ளை வயிறு தெரிந்ததும் மூச்சை ஆழ இழுத்து அப்படியே பிடித்துக்கொள்கிறார். நுரையீரலில் 2 லிட்டர் காற்று கூடினால் கடல்நீரில் சுமார் 2 கிலோ தூக்குவிசை கூடும். உடல் ஏறும். ஏற ஏற அழுத்தம் குறைந்து பி.சி.டி. சட்டைக்குள் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) இருக்கும் காற்றும் விரியும். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 5 மீட்டரில் 1.5 பார், அதே காற்று மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வரம்பைத் தாண்டியதாக டைவ் கம்ப்யூட்டர் கத்தும்போது அவர் சுறாவின் வயிற்றில் முட்டியிருப்பார், இல்லையென்றால் படகுகளின் புரொப்பல்லருக்கு அடியில் வந்திருப்பார். அடக்கிய மூச்சோடு ஏறினால் நுரையீரல் கிழியவும் கூடும்.

---

> என் பரிந்துரை 'அந்தரம்'.

ஐயா, இலங்கையில் இது சரிவராது. எங்களுக்கு அந்தரம் என்றால் பதற்றம், அவசரம். 'ஏன் அந்தரப்படுறாய்?' என்பது நாளாந்தப் பேச்சு. திருகோணமலையில் டைவிங் பழகும் ஒருவருக்கு 'அந்தரத்தில் நில்லுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால், எதைச் செய்யக்கூடாதோ அதையே செய்யச் சொன்னதாகும்.

'சமமிதப்பு' என்று வைக்கலாமே? எடையும் தூக்குவிசையும் சமம் என்ற நிபந்தனையும் அதற்குள் வந்துவிடுகிறது.

---

அந்தரம் குறித்த மறுப்பு வலுவானது; கையேடு இரு கரைக்கும் போகும் என்பதால் அதைக் கைவிடலாம்.

> 'சமமிதப்பு' என்று வைக்கலாமே?

இயற்பியல் பாடத்துக்குப் பொருந்தும். கடலில் இது ட்ரிம் (நீருக்குள் உடல் இருக்கும் வாட்டம்) என்பதோடு குழம்பும். உடலைப் படுக்கைவாட்டில் வைத்திருப்பதைத்தான் யாரும் 'சமமா இருங்க' என்பார்கள். உடல் சமமாக இருந்துகொண்டே ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்க முடியும். பரிகாரமும் வேறு: கால் தாழ்ந்தால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியில் ஒன்றிரண்டைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்ற வேண்டும். அதனால் மிதப்பு ஒரு துளியும் மாறாது.

பாசிடிவ், நெகடிவ் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். 'நேர்மிதப்பு', 'எதிர்மிதப்பு' என்றால் எது எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏறுமிதப்பு, நிலைமிதப்பு, இறங்குமிதப்பு என்றால் உடல் என்ன செய்யும் என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

மூன்றும் ஒரே டைவில் ஒருவருக்கே வரும். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் 2 கிலோ காற்று செலவாகியிருக்கும். தொடக்கத்தில் பி.சி.டி.யில் காற்றே இல்லாமல் நிலைமிதப்பில் இருந்தவர், கடைசியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் ஏறுமிதப்பில் இருப்பார். எனவே ஈயத்தின் அளவை 50 பார் மிச்சமிருக்கும்போது பாருங்கள்: பி.சி.டி. காலி, சாதாரண மூச்சு, நீர் கண்மட்டத்தில். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் மேலும் 2 கிலோ சேருங்கள்.

'இருக்கட்டும்' என்று அதற்கு மேல் 3 கிலோ கட்டுவதுதான் பெரிய தவறு. அதைச் சுமக்க பி.சி.டி.யில் 3 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். ஏறும்போது விரிவது அந்தக் காற்றுதான். கனமாகக் கட்டியவர்தான் கட்டுப்பாடில்லாமல் மேலே போகிறார். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

---

'நிலைமிதப்பு' எனக்கு முழுச் சம்மதம். 'நிலைமிதவை' வேண்டாம், மிதவை ஒரு பொருள், இது ஒரு நிலை. திருத்திய வரைவு:

"சுறா தென்பட்டதும் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். பிறகு நிதானமாக மூச்சு விட்டபடி நிலைமிதப்புக்கு வாருங்கள். ஏறுமிதப்பு தெரிந்தால் பி.சி.டி. குழலை உயர்த்திச் சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்றுங்கள். குழல் தாழ்ந்திருந்தால் பொத்தானை அழுத்தியும் காற்று போகாது. பக்கவாட்டில் நின்று உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகியிருங்கள். வால் இடவலமாக வீசும். துரத்தாதீர்கள், தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். படம் எடுத்தால் செவுள் பிளவுகளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் தெளிவாக விழட்டும். ஒவ்வொரு சுறாவையும் அவற்றை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்."

ட்ரிம்முக்குக் 'கிடை' என்று நினைத்தேன். தென்மாவட்டங்களில் ஆட்டுக்கிடை நினைவுக்கு வரும் என்பதால் 'கிடைநிலை' என்று தனி இழையில் வைக்கிறேன். ஈயக்கட்டியை எங்கே கட்டுவது என்பதையும் அங்கேயே பேசுவோம்.