செப்டம்பரில் கரீபியன் கப்பல்: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

டாலஸ் மணி
அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கப்பலில் போகவேண்டும் என்று நெடுநாள் ஆசை. டெக்சஸ் கரையில் உள்ள கால்வெஸ்டனில் ஏறி ரோவட்டான், கோஸ்டா மாயா, கொசுமெல் என்று ஏழு நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிற கப்பல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் நாலு பேருக்கு வரி எல்லாம் சேர்த்து 2,900 டாலர். அதே கப்பல், அதே மாதிரி அறை, கிறிஸ்துமஸ் வாரத்தில் 6,400! "இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறான் என்றால் சும்மாவா?" என்கிறாள் மனைவி. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று தெரியும். அந்தச் சமயத்தில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்கன சிகாமணி
தாராளமாகப் போங்கள். நான் செப்டம்பரில் மட்டும் நாலு தடவை போயிருக்கிறேன். விலை குறைவதற்குப் புயல் பாதிக் காரணம்தான். பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் குழந்தைகளோடு வருகிறவர்கள் இல்லை, அது மீதிப் பாதி. நீச்சல்குளத்தில் இடம் கிடைக்கும், சாப்பாட்டு வரிசை நகரும். வயதானவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

2022இல் ஃபியோனா புயல் போர்ட்டோ ரிக்கோ பக்கம் வந்தபோது நாங்கள் கடலில்தான் இருந்தோம். சான் வானும் செயின்ட் தாமஸும் போகவேண்டிய கப்பலை மெக்சிகோ பக்கம் திருப்பிவிட்டார்கள். கப்பல் என்ன ரயிலா, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போக? புயல் கிழக்கே வந்தால் மேற்கே போகும். எங்களுக்கு நல்ல வெயில். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அங்கே என்ன நடந்தது என்றே முழுதாகத் தெரிந்தது.

ஹூஸ்டன் கோமதி
சிகாமணி அண்ணா வெயில் காய்ந்த கதையைச் சொல்லிவிட்டார். நான் என் கதையைச் சொல்கிறேன்.

2017 ஆகஸ்ட் கடைசி. இதே கால்வெஸ்டன், இதே கொசுமெல். நாங்கள் கிளம்பியபோது புயல் என்று பேச்சே பெரிதாக இல்லை. வெள்ளிக்கிழமை இரவு, அதாவது ஆகஸ்ட் 25, ஹார்வி புயல் டெக்சஸில் ராக்போர்ட் பக்கம் கரையேறியது. ஞாயிற்றுக்கிழமை இறங்கவேண்டியவர்கள் நாங்கள். துறைமுகம் மூடிவிட்டார்கள். கப்பல் நியூ ஆர்லியன்ஸ் போய் எண்ணெயும் சாமானும் ஏற்றிக்கொண்டது. வேண்டுமானால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இறங்கி? எங்கள் கார் கால்வெஸ்டன் பார்க்கிங்கில் நிற்கிறது, ஹூஸ்டன் முழுக்கத் தண்ணீர். மறுபடி கடலுக்கே போனோம். கால்வெஸ்டனில் கால் வைத்தது வெள்ளிக்கிழமை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை, பாட்டு, கூத்து எல்லாம் நடந்தது. ஆனால் அம்மாவின் மாத்திரை டப்பாவைச் சொல்லவேண்டும். ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா, ஒவ்வொரு மூடியிலும் கிழமை எழுதியிருக்கும். ஞாயிறு காலை கடைசி அறையைத் திறந்து விழுங்கியாயிற்று. திங்கட்கிழமை அம்மா பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்து, வெறும் அறையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். கப்பல் மருத்துவரிடம் போனோம். பிரஷர் மாத்திரைக்கு மாற்று கொடுத்தார், தைராய்டு மாத்திரை கைவசம் இல்லை என்றார்.

மணி, நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் போங்கள் என்பேன். பெரியவர்களோடு வேண்டாம்.

சிக்கன சிகாமணி
ஹார்வியை எல்லாம் கணக்கில் எடுத்தால் யாரும் வீட்டு வாசலைத் தாண்டமுடியாது. தவிர, ஹூஸ்டனில் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர். கப்பலில் இருந்த உங்களுக்கு மூணு வேளைச் சோறு. யார் பிழைத்தார்கள்?

ஹூஸ்டன் கோமதி
அண்ணா, எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. சாமானை எடுத்துவைக்க நாங்கள் அங்கே இல்லை. யார் பிழைத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய மாலுமி
சரக்குக் கப்பலில் பதினெட்டு வருஷம் ஓட்டியவன். சண்டைக்கு நடுவே கொஞ்சம் கடல் பாடம்.

வெப்ப மண்டலத்தில் ஒரு புயல் பொதுவாக 10 முதல் 12 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்தில் நகரும். உல்லாசக் கப்பல் 20 நாட் வேகத்துக்கு மேல் ஓடும். ஆகவே விலகிப்போவது பெரிய வித்தை இல்லை. நாங்கள் படித்தது 1-2-3 விதி: புயலின் பலத்த காற்று எவ்வளவு தூரம் வீசுகிறதோ, அதோடு முதல் நாளுக்கு 100 கடல் மைல், இரண்டாம் நாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 கூட்டி, அந்த வட்டத்துக்குள் நுழையாதே. வடக்குப் பாதி உலகத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் ஆபத்தான பக்கம், அதையும் பார்ப்போம்.

மயாமியில் இருக்கிற தேசியப் புயல் மையம் வெளியிடும் படத்தில் ஒரு கூம்பு இருக்கும். அதைத்தான் ஜனங்கள் தப்பாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் கூம்பு காட்டுகிறது, புயல் எவ்வளவு அகலம் என்பதை அல்ல. அந்த மையமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை கூம்புக்கு வெளியே போய்விடும். கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று மணி நிம்மதியாகத் தூங்கவேண்டாம்.

இன்னொன்று, புயல் ஐநூறு மைல் தள்ளி இருந்தாலும் அதன் அலை வந்து சேரும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை எடுங்கள். இஞ்சி மரப்பா கொண்டுபோங்கள். மொத்தத்தில் என் ஓட்டு: போகலாம்.

ஹூஸ்டன் கோமதி
விலகிப்போவது வித்தை இல்லை என்றால் எல் ஃபாரோ கப்பலுக்கு என்ன ஆயிற்று ஐயா? 2015 அக்டோபர் 1, வாக்கீன் புயல், பஹாமாஸ் பக்கம். 33 பேரும் போனார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

பழைய மாலுமி
அந்தப் பெயரைச் சொன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வராது அம்மா.

எல் ஃபாரோ 1975இல் கட்டிய சரக்குக் கப்பல். ஜாக்சன்வில்லிலிருந்து சான் வானுக்குச் சரக்கு போய்ச் சேரவேண்டும். கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தது பழைய வானிலைத் தகவல், புயல் உண்மையில் இருந்த இடம் வேறு என்று விசாரணையில் வந்தது. கப்பல் சாய்ந்ததும் எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை, எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்ற கப்பல் புயலில் வெறும் தகரம்.

உல்லாசக் கப்பலுக்கு இன்ன நேரத்துக்கு இன்ன ஊரில் சரக்கை இறக்கியாகவேண்டும் என்ற நெருக்கடி இல்லை. கொசுமெல் இல்லாவிட்டால் வேறு ஊர், ஊரே இல்லாவிட்டால் நடுக்கடலில் பிங்கோ. 1998இல் மிட்ச் புயலில் மூழ்கிய ஃபேன்டோம் என்ற பாய்மர உல்லாசக் கப்பலிலும் பயணிகளை முன்பே பெலீஸில் இறக்கிவிட்டார்கள். போனவர்கள் 31 ஊழியர்கள். அந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

பருவம் பருவம் என்கிறீர்களே, 2016இல் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பிய ஆந்தம் ஆஃப் த சீஸ் என்ற உல்லாசக் கப்பல் ஹட்டராஸ் முனைப் பக்கம் சூறாவளிக் காற்றில் மாட்டிக்கொண்டு பாதியில் திரும்பியது. மாதம்? பிப்ரவரி.

ஹூஸ்டன் கோமதி
கப்பல் மூழ்கும் என்று நான் எங்கே சொன்னேன்? எல் ஃபாரோவை இழுத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது கரையை. கப்பல் பத்திரமாக இருக்கும், துறைமுகம் திறந்திருக்காது.

பத்தாம் நம்பர் கூண்டு
கோமதி சொல்வதுதான் விஷயமே. நான் நாகப்பட்டினத்துக்காரன், கஜா வந்தபோது ஊரில் இருந்தேன். இப்போது டாம்பாவில். நம்மூர்த் துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா, இங்கே அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதே வேலையை நாலு பெயரில் செய்கிறது: விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஜூலு. பலத்த காற்று 72 மணி நேரத்தில் வரலாம் என்றால் விஸ்கி, 48 என்றால் எக்ஸ்ரே, 24 யாங்கி, 12 ஜூலு. ஜூலு வந்தால் துறைமுகம் மூடல். 2024 அக்டோபரில் மில்ட்டன் புயல் எங்கள் பக்கம் வந்தபோது பார்த்தேன். காற்று அடங்கினாலும் உடனே திறக்கமாட்டார்கள். கால்வாயில் மணல் மேடு போட்டிருக்கிறதா, மிதவைகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகுதான்.

அதனால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி 'புயல் வருமா' இல்லை. திரும்பி வருவது நாலு நாள் தள்ளிப்போனால் உங்களுக்கு என்ன ஆகும்? லீவு நீட்ட முடியுமா? பெரியவர்களின் விமான டிக்கெட் எப்போது? மணி, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

காப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது. முன்பணம் கட்டிய கையோடு வாங்கவேண்டும். 'எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம்' என்று ஒரு வகை இருக்கிறது, விலை கூட. அதிலும் முழுப்பணம் வராது, பாதியிலிருந்து முக்கால் வரைதான். கப்பல் கம்பெனி ஊரை மாற்றினால் நஷ்டஈடு கிடையாது, அது நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. போகாத ஊரின் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பி வரும்.

சிக்கன சிகாமணி
காப்பீட்டுக்குக் கொட்டுகிற காசில் இன்னொரு தடவை போய் வரலாம். அவ்வளவு பயம் என்றால் தெற்கே அரூபா, குரசாவ் போங்கள். புயல் பாதைக்கே வெளியே இருக்கிறது.

பத்தாம் நம்பர் கூண்டு
அரூபா பக்கம் புயல் அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரெனடாவிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2004இல் ஐவன் வந்து பத்து வீட்டில் ஒன்பதைச் சேதப்படுத்திவிட்டுப் போனது. 2024இல் ஜூலை முதல் தேதியே பெரில் அந்த நாட்டின் காரியக்கூ தீவைத் துடைத்துவிட்டது. தவிர, அரூபாவுக்குப் போகிற கப்பலில் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலோ சான் வானிலோதானே ஏறவேண்டும்? அந்த ஊர்கள் பாதைக்கு வெளியே இல்லையே.

சிக்கன சிகாமணி
உங்கள் பெயரிலேயே பத்தாம் நம்பர் கூண்டு ஏற்றி வைத்திருக்கிறீர்கள், உங்களிடம் என்ன பேசுவது!

டாலஸ் மணி
எல்லாருக்கும் நன்றி. கூண்டு அண்ணன் கேட்டதற்குப் பதில்: கப்பல் ஞாயிறு 13ஆம் தேதி திரும்புகிறது. அப்பா அம்மாவின் சென்னை விமானம் 16ஆம் தேதி, புதன்.

பத்தாம் நம்பர் கூண்டு
அடப்பாவி! இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா? நடுவே இரண்டே நாள். இந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு, செப்டம்பர் 10ஐ ஒட்டி, பருவத்தின் உச்சியில்!

பழைய மாலுமி
என் ஓட்டை வாபஸ் வாங்குகிறேன். கப்பலுக்கு இல்லை, தேதிக்கு.

சிக்கன சிகாமணி
விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் தீர்ந்தது. இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஹூஸ்டன் கோமதி
எவ்வளவுக்குத் தள்ளிப்போடுவது? அக்டோபரும் வேண்டாம். 2025இல் அக்டோபர் 28இல்தான் மெலிசா ஜமைக்காவைப் புரட்டிப்போட்டது. வருஷக் கடைசியில் மேற்குக் கரீபியனில்தான் அடிக்கடி உருவாகும், நீங்கள் போவதும் மேற்குதான்.

அப்புறம் இன்னொன்று. கப்பல் திசை மாறினால் பட்டியலில் இல்லாத நாட்டில் போய் நிற்கும். அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட். மெக்சிகோவுக்கு அமெரிக்க விசா போதும். மற்ற இடங்களுக்கு என்ன விதி என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அவர்களின் அமெரிக்க விசா பலமுறை வந்துபோகிற விசாதானா என்றும் பாருங்கள்.

டாலஸ் மணி (மூன்று நாள் கழித்து)
இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். விஸ்கி, எக்ஸ்ரே என்றதும், "பெயரைப் பார், புயலுக்கு வைத்த மாதிரியா இருக்கிறது" என்று சிரித்தார். மாத்திரை டப்பா கதை வந்தபோது அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

விமான டிக்கெட்டை நவம்பர் 20க்கு மாற்றிவிட்டேன். நாலு பேர் பயணத்தில் இரண்டு பேருக்கு மாற்றுக் கட்டணம், 340 டாலர். அவர்கள் அமெரிக்காவில் தங்குவதற்கான ஆறு மாதக் கெடுவுக்கு இன்னும் இடம் இருக்கிறது. கப்பல் நவம்பர் முதல் வாரம், 3,500. காப்பீடும் அன்றே எடுத்தாயிற்று. சிகாமணி அண்ணன் மன்னிக்கவும்.

சிக்கன சிகாமணி
ஆயிரம் டாலரைக் கடலில் போட்டீர்கள். சந்தோஷமாகப் போய்வாருங்கள்.

ஹூஸ்டன் கோமதி
2020 நவம்பரில் ஈட்டா, ஐயோட்டா என்று இரண்டு வாரத்துக்குள் இரண்டு புயல் நிகராகுவாவில் கரையேறி ஹோண்டுராஸையும் மூழ்கடித்தன. ரோவட்டான் ஹோண்டுராஸில்தான் இருக்கிறது. சும்மா சொல்லிவைக்கிறேன்.

பழைய மாலுமி
அந்த நவம்பரில் கொரோனாவால் இங்கிருந்து எந்த உல்லாசக் கப்பலும் ஓடவே இல்லை அம்மா.

ஹூஸ்டன் கோமதி
ஓடியிருந்தால்?

டாலஸ் மணி
கோமதி அக்கா, அம்மா நேற்றே கடைக்குப் போய் ஏழு அறை டப்பா இன்னொன்று வாங்கிவிட்டார். அப்பாவுக்கும் சேர்த்து மூன்றாவது ஒன்று வேண்டுமாம். இன்று சாயங்காலம் போகிறோம்.