அடினியம் அழுகுகிறது, எதுவரை வெட்டுவது?

வணக்கம். மாடியில் தொட்டியில் இருக்கும் அடினியத்துக்கு (பாலைவன ரோஜா) அவசரமாக ஒரு வழி சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஒரு கிளை நுனியில் கருத்து, கருகல் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. பால் விஷம் என்பதால் கையுறை போட்டு வெட்டிப் பார்த்தேன். வெட்டுவாயில் ஓரமெல்லாம் பச்சை, நடுவில் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் ஒரு வட்டம். இன்னும் கீழே வெட்டினால் வட்டம் சிறுக்கிறது, ஆனால் மறையவில்லை.

அதைவிடக் கவலை அடித்தண்டுதான். ஒரு பக்கம் கல் மாதிரி இருக்கிறது. மண்ணை ஒட்டிய மறுபக்கம் விரல் வைத்தால் அமுங்குகிறது. தண்ணீர் போதாமல் சுருங்கினால் முழுக்கச் சமமாகத் தளரும், இது அப்படி இல்லை. அப்போ வேரழுகலும் சேர்ந்திருக்கிறதா? நுனிக்கருகலும் இதுவும் ஒரே நோயா, தனித்தனியா?

வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பூசி, நிழலில் காயவைத்து, மண் இறுகாமல் நீர் வடிய பெர்லைட்டும் ஆற்றுமணலும் கூடுதலாகக் கலந்து நடலாம் என்றிருக்கிறேன். இந்த ஈரக்காற்றில் வெட்டுக்காயம் காயுமா? மருந்து பூசிய பிறகு டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) போட எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? மழைக்காலத்தில் அடினியத்தைக் காப்பாற்றியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா வளர்த்த செடி, இழக்க மனமே இல்லை.