புதுப்பிப்பு: கடல்குதிரைகள் இப்போது சாப்பிடுகின்றன

ஜனவரியில் கேட்டிருந்தேன்: மெல்பர்ன் வீட்டுத் தொட்டியில் நான் வளர்க்கும், பண்ணையில் பிறந்த இரண்டு பெருவயிற்றுக் கடல்குதிரைகள், இங்கே கோடை வெயில் ஏறியதும் இரையைத் தொடவே இல்லை, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மின்விசிறி வைத்துப் பார்த்தேன். தொட்டி நீர் 25 டிகிரியிலிருந்து 23க்கு வந்ததோடு சரி. ‘சில்லர் இல்லாமல் முடியாது, இவை குளிர்நீர் இனம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சில்லர் என்பது தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி. அதுதான் வேலை செய்தது. ஒரேயடியாகக் குளிரவிடாமல் நாலு நாளில் 18க்கு இறக்கினேன். ஐந்தாம் நாள் பெண், மறுநாள் ஆண், உறைந்த மைசிஸ் இறாலை உறிஞ்ச ஆரம்பித்தன. இவற்றுக்கு இரைப்பை கிடையாது, அதனால் தினமும் மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

பம்பின் வாயில் ஸ்பாஞ்சு மாட்டச் சொன்னதும் நல்ல யோசனை. வால் உள்ளே போகாது.

எதிர்பாராதது ஒன்று. பிடித்துக்கொள்ள என்று காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் செடிகளைச் சீண்டுவதே இல்லை. இரண்டும் வெப்பமானியின் ஒயரில்தான் வாலைச் சுற்றிக்கொண்டு தூங்குகின்றன.

அப்புறம், ஊரிலிருந்து கேட்டவர்களுக்கு: இந்தியாவில் கடல்குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே இந்த ஆசை வேண்டாம்.